மருமகள் கேட்ட மர வரைபடம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் என் பட்டறையில் செய்த கதவையோ நாற்காலியையோ தொடாமல் இந்த ஊரில் ஒருவர் ஒரு நாளை ஓட்டிவிட முடியாது. ஒற்றை ரம்பத்தோடு வந்தவன், இன்று பட்டறை முதலாளி. தற்பெருமை என்பார்கள். இருப்பதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

சரி, எழுத வந்தது என் மூத்த மருமகளைப் பற்றி. வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சரம்மா. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். குரல் உயராது, பிடித்த பிடியையும் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் வேலையை விடச் சொன்ன என் மகனிடம், "சரி, ரெண்டு பேருமே விட்டுடலாம்" என்றாளாம். அதோடு அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

போன வருடம் தலைமை ஆசிரியர், மாநிலம் உருவான வரலாற்றுக்கான வகுப்புகளைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். கேள்வி பதிலை மனப்பாடம் செய்தால் போதும் என்பது அவர் நினைப்பு. ஒரே ஒரு வகுப்பை வந்து பாருங்கள் என்று இவள் கேட்டாள். புத்தகத்தைத் தொடாமல் பிள்ளைகளே அந்தக் கதையைச் சொன்னால் வகுப்புகள் இருக்கும்; இல்லாவிட்டால் கணக்குக்குப் போகும். அதுதான் பேச்சு.

அன்று மாலையே பட்டறைக்கு வந்தாள். மாநிலத்தின் படத்தைப் பலகையில் வரைந்து, பகுதி பகுதியாக அறுத்துத் தர வேண்டும், அடியில் கறுப்புப் பலகை வைத்த ஒரு சட்டமும் வேண்டும் என்றாள். எந்தப் பகுதி எப்படிச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் துண்டுகளை அதில் வைப்பார்களாம். வேலையை என் மச்சினனிடம் கொடுத்தேன். பட்டறை மேஸ்திரி அவன். நான் செதுக்கி எடுத்த ஆள்.

வகுப்புக்கு முந்தின நாள் மத்தியானம் டீச்சரம்மா படத்தைப் பார்க்க வந்தாள். அறுத்த துண்டுகளை எல்லாம் மச்சினன் பசை போட்டு ஒன்றாக ஒட்டி, இழைத்து, பாலிஷும் ஏற்றி வைத்திருந்தான். கையால் தடவினாலும் ஒட்டு எங்கே என்று தெரியாது. உள்ளதைச் சொன்னால், பார்க்க அருமையாக இருந்தது.

"ஆடுற சாமான் நம்ம பட்டறைய விட்டு வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதானே அத்தான் சொல்லியிருக்கீங்க" என்றான்.

நான் நடத்திய பாடத்தை அவன் அச்சுப் பிசகாமல் படித்திருக்கிறான்.

டீச்சரம்மா படத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "மாநிலம் இவ்வளவு சுலபமா ஒட்டியிருந்தா சொல்றதுக்குக் கதையே இருந்திருக்காது மாமா. அறுத்துடுங்க."

காய்ந்த பசையில் மெல்லிய ரம்பம் ஓடவில்லை. பெரியதை எடுத்தோம். அது போன வழியெல்லாம் மரத்தைத் தின்றது. பிசிறை இழைத்ததில் இன்னும் கொஞ்சம் போயிற்று. சட்டத்தில் வைத்தால் துண்டுக்குத் துண்டு விரல் நுழைகிற சந்து. நம் பட்டறை வேலை என்று யாரிடமும் சொல்லிவிடாதே என்று டீச்சரம்மாவிடம் கெஞ்சினேன். அவளோ சந்துகளுக்கு அடியில் தெரிந்த கறுப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து எழுதிப் பார்த்தாள். எழுத்து நன்றாக விழுந்தது.

மறுநாள் படத்தைத் தூக்கிப் போன சாக்கில் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் துண்டை வைத்த கையோடு, அன்றைக்கு எதற்காகச் சண்டை நடந்தது என்பதைப் பக்கத்துச் சந்தில் எழுதியது. எல்லை, தலைநகரம், வரி.

வகுப்பைப் பார்க்க வந்திருந்த தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லையே?"

மலைப்பகுதித் துண்டோடு நின்ற சிறுமி திரும்பினாள். "முதல்ல சேரலதான் சார். ஆத்துத் தண்ணியில எங்களுக்கு என்ன பங்குன்னு மலைக்காரங்க கேட்டாங்க. பதில் வர்ற வரைக்கும் வெளியதான் நின்னாங்க."

யார் போய்ப் பேசினார்கள், என்ன முடிவானது என்று சொல்லிவிட்டுத்தான் துண்டை வைத்தாள். பிறகு சந்தில் 'தண்ணீர்' என்று எழுதினாள். ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடவில்லை. துறைமுகம் ஏன் சேரத் தயங்கியது என்று தலைமை ஆசிரியரே கேட்க ஆரம்பித்துவிட்டார். பதில் ஏழெட்டுக் குரலில் வந்தது.

போகும்போது, "கணக்குக்கு வேற நேரம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த பிரிவுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

மச்சினன் இந்த முறை பசை டப்பாவை ஒளித்தே வைத்துவிட்டான். சந்து அதே அகலத்தில் இருக்க வேண்டும் என்று டீச்சரம்மா உத்தரவு. என் பட்டறையை விட்டு ஆடுகிற சாமான் தெரிந்தே வெளியே போவது இதுதான் முதல் தடவை. அதிலும் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்காகச் சந்து விட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.