ஆள் இல்லை என்று எழுதிப் போனவர்

“அந்த அட்ரஸ்ல நீங்க இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு” என்றார் திருவள்ளூர் வங்கியின் கடன் பிரிவு மேலாளர். நான் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக் கடனுக்காக நான் கொடுத்த கோப்பில் இருபத்திரண்டு தாள்கள். எண் போட்டு, முதல் பக்கத்தில் பட்டியலும் ஒட்டியிருந்தேன். இருபத்து மூன்றாவதாக, வங்கி அனுப்பிய விசாரணை ஆளின் அறிக்கை சேர்ந்திருந்தது. நான் ஆறு மாதத்துக்கு முன்பே காலி செய்துகொண்டு பெங்களூர் பக்கம் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

“நீங்க வெளி ஸ்டேட். சம்பளச் சீட்டு இல்ல, சொந்தத் தொழில். கிரெடிட் ஸ்கோரும் கம்மி. இந்த மூணையும் மேல பேசி ஒத்துக்க வெச்சேன். ஆளே இல்லன்னா நான் என்னன்னு பேசறது?”

மூன்றும் உண்மை. கோலார் தங்கவயலில் பிறந்து, டிப்ளமோ முடித்து, ஆறு வருடங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்தவள் நான். அழுத்தமானிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆய்வகத்தில் இருந்தேன். அதை மூடியதும் அதே வேலையைத் தனியாகச் செய்ய ஆரம்பித்தேன். தொழிற்சாலைக்கே போய் முள் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவேன். கடை கிடையாது, போர்டு கிடையாது. என் தொழில் முழுவதும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும்.

கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை வீடு. மூன்று வருடச் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தம் போட்டிருந்தேன். கெடு முடிய இன்னும் பதினோரு நாள். அதற்குள் பத்திரம் பதியாவிட்டால் வீடும் இல்லை, முன்பணமும் திரும்பாது.

“இன்னொரு தடவை ஆள் அனுப்பச் சொல்றேன். ஒரே தடவைதான். எப்ப வருவார்னு எனக்கே தெரியாது” என்றார் மேலாளர்.

புதுவாயலில் நான் குடியிருந்தது மாடி அறை. கீழே வீட்டுக்கார அக்கா. விசாரணை ஆள் வந்த அன்று நான் தொழிற்சாலைக்குள் இருந்தேன். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாலையில் பார்த்தபோது தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் இருந்தன. திருப்பிக் கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

“அக்கா, போன வாரம் என்னைத் தேடி யாராவது வந்தாங்களா?”

“வந்தான் ஒருத்தன். பேப்பர வெச்சிக்கினு உன் பேரச் சொல்லிக் கூவினான். குழு லோனுக்கு வருவானுங்களே, அதே மாதிரி. அந்தப் பொண்ணு காலி பண்ணிக்கினு பெங்களூர் பக்கம் போயி ஆறு மாசம் ஆவுதுப்பான்னு சொல்லிட்டேன்.” அவர் குரலில் பெருமை இருந்தது. “படியில கெடந்த உன் செருப்பக்கூட உள்ள எடுத்து வெச்சேன், தெரியுமா?”

வந்தவரைக் கடன் வசூல்காரர் என்று நினைத்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கோபம் வந்ததும் அதனால்தான். முதல் கருவி வாங்கப் பணம் தேவைப்பட்டபோது, அக்கா இருந்த மகளிர் கடன் குழுவில் ஐந்தாவது ஆளாக என்னைச் சேர்த்துவிட்டார். நான் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு கட்டத்தில் அக்காவால் தவணை கட்ட முடியவில்லை. ஐந்து பேர் பணமும் சேர்ந்து வந்தால்தான் வாங்குவேன் என்று வசூல்காரர் மற்றவர்கள் பணத்தைத் தொடவில்லை. நான்கு மாதம் கழித்து எல்லாம் கட்டி முடித்தோம். ஆனால் தாமதம் என் பெயரிலும் பதிவானது. ஸ்கோர் இறங்கியது அங்கேதான். இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை.

அன்றைக்குச் சொன்னேன். குரலை உயர்த்தாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. ஸ்கோர், வீடு, கெடு, முன்பணம், அறிக்கை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அக்கா கீழே வைத்தார். “இப்ப இன்னா பண்ணணுன்ற?”

“அவர் திரும்ப வருவார். உண்மையைச் சொல்லுங்க.”

“பேங்கு ஆளாண்ட பொய் சொன்னேன்னு நானே ஒத்துக்கணுமா? கேஸு கீஸுன்னு ஆய்ட்டா?” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து நான் வெளியே போகவில்லை. இரண்டு தொழிற்சாலைகளிடம் தேதி மாற்றச் சொன்னேன். ஒன்று வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதல் நாள் கேஸ் சிலிண்டர்காரர். இரண்டாம் நாள் யாருமே இல்லை. அக்கா என் கண்ணில் படாமலே நடமாடினார்.

மூன்றாம் நாள் மதியம் விசாரணை ஆள் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இறங்குவதற்குள் அக்கா கதவைத் திறந்திருந்தார்.

“அன்னிக்குக் காலி பண்ணிட்டாங்கன்னு சொன்னது நீங்கதானே?”

பாதிப் படியில் நின்றுவிட்டேன். நான் பேசினால் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

“நான்தான். பொய் சொன்னேன்.”

“அப்ப இன்னிக்குச் சொல்றத மட்டும் எப்படி நம்பறது?”

“நீ ஏன்யா தெருவே கேக்கறாப்ல கூவற? கலெக்சனுக்கு வர்றவனும் இப்படித்தான் கூவறான். அவனாண்ட யாராவது உண்மை சொல்வாங்களா?” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “எழுதிக்கோ. ஆறு வருஷமா இங்கதான் கீறா. அவ கடன் லேட்டானது என்னால. நான் கட்டல, அவ பேரும் சேர்ந்து கெட்டுது. அதையும் எழுது.”

அவர் எழுதினார். பிறகு மேலே வந்து, “தொழில் பண்ற எடத்தக் காட்டுங்க” என்றார்.

பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். கைப்பம்பில், ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்திருக்கும் துல்லியமான அழுத்தமானியையும் பழைய ஒன்றையும் பொருத்தி அழுத்தினேன். இரண்டு முள்ளும் ஏறின. பழையது சற்றுப் பின்தங்கி நின்றது. “இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு எழுதித் தர்றதுதான் சார் என் வேலை.” பின்னாலேயே மேலே வந்து வாசற்படியில் நின்ற அக்கா, “இதுக்கா உனக்குத் துட்டு குடுக்கறாங்க?” என்றார். விசாரணை ஆள் சிரிக்காமல் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார். கடன் கிடைத்தது. வட்டி கொஞ்சம் கூடுதல். சரி என்றேன். அடுத்த விஷயத்தை விற்பவர் வீட்டில் சொன்னார்கள்: பத்திரத்துக்கு என் பக்கம் ஒரு சாட்சி வேண்டும். ஆறு வருடமாக இங்கே இருந்தும், விடுப்புப் போட்டு வரச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு எனக்கு யாரும் இல்லை. அக்காவிடம் கேட்டேன். அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார். பதிவு நாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆதார் அட்டையுடன் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் வந்தபோது பத்திரத்தை அவர் முன் நகர்த்தினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

“இதுல கையெழுத்துப் போட்டா எம்மேல கடன் எதுனா வருமா?”

“வராதுக்கா. நீங்க சாட்சி மட்டும்தான்.”

“நீ சொல்றது இருக்கட்டும்.” முதல் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். எழுத்தர், “சீக்கிரம்மா” என்றார்.

“இருய்யா, படிக்கறேன்ல” என்றார் அக்கா.

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மொத்தம் பதினான்கு பக்கங்கள்.