பால் பிடி வைத்த பேனாக்கத்தி

“…எலும்புன்னா எலும்புதாம்மா, அதுல பேச்சுக்கே இடமில்லை. வெள்ளையா இருந்தா என்ன, வழவழன்னு இருந்தா என்ன? செத்த மாட்டோட காலைப் புடிச்சுக்கிட்டா சாமிக்கு மாலை கட்டுவ நீ?”

கேட்டவர் எங்கள் கோயில் மணியக்காரர். திட்டு வாங்கியவள் பூக்காரி. கடல் கடந்து வந்த எங்கள் ஜனம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில், அந்தக் கோயிலை ஒட்டிய சந்தில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கடை. அவளுக்குப் பூ, எனக்கு வெற்றிலை பாக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சாக்குப் படுதாதான் கூரை. நான் பள்ளிக்கூடம் பார்த்தவனில்லை. பாக்கு மடிக்க வந்த பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகியவன். ஆனால் பத்திரிகையைவிடக் கடைக்கு வருகிறவர்களின் பேச்சில்தான் எனக்கு ருசி அதிகம். அதிலும் மணியக்காரர் பேச ஆரம்பித்தால் வெற்றிலை மடிக்கிற கை தானாக நின்றுவிடும்.

அன்று அவர் கோயிலுக்கு வந்த கற்பூரப் பெட்டியின் கயிற்றை அறுக்கத்தான் அவளுடைய பேனாக்கத்தியைக் கேட்டு வாங்கினார். அறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனவர், பிடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அதில் ஊசி குத்தினதுபோலப் பொடிப் புள்ளிகள். எலும்பில்தான் அப்படி இருக்குமாம். தந்தம் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ரயிலடியில் மூட்டை தூக்கிய அவள் புருஷன் விட்டுப்போன கத்தி அது.

“பங்குனி உத்திரத்துக்குள்ள மாத்திடு. இல்லேன்னா காப்பார் ஊர்ப் பூக்காரன் கட்டட்டும். அவன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு பிள்ளைகளும் அவளும் அந்தக் கோயில் பூவை நம்பித்தான் உலை வைத்தார்கள். கோயில் பூ போனால் கோயிலோடு போகாது. வரிசை வீடுகளில் கல்யாணம், காதுகுத்து என்றால் எல்லாரும் ‘கோயில் பூக்காரி’யைத்தான் தேடி வருவார்கள். அந்தப் பெயர் போய்விட்டால் சந்தில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

கடையைப் பக்கத்துப் பழக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளோடு பாய் கடைக்குப் போனேன். பாய் ஊசி முதல் லாந்தர் வரை எல்லாம் வைத்திருப்பார்.

“மரப்பிடின்னா காய் வெட்டுற பெரிய கத்திதான் இருக்கு, பூக்காம்புக்கு ஆகாது, தங்கச்சி. மடக்கி இடுப்புல செருகுற சாமான்ல எலும்பு இருக்கு, மான் கொம்பு இருக்கு. ரெண்டும் வேணாம்னா இதைப் பாரு” என்று ஒன்றை எடுத்து வைத்தார். தேன் நிறத்தில் பிடி. உள்ளே வெண்மையாகக் கோடுகள் ஓடின. தொட்டால் குளிர்ச்சியில்லை, கைக்கு இதமாக இருந்தது. “இது பால்ல செஞ்சது.”

“பால்ல கத்தியா?” என்றாள்.

“கத்தி இரும்புதாம்மா. பிடிதான் பாலு. சீமையில பாலைத் திரிச்சு, தண்ணியை வடிச்சு, அழுத்தி, ஏதோ மருந்துல ஊறப் போட்டுக் கல்லாட்டம் ஆக்கிடுறான்.”

“ஏன் பாய், வெயில்ல வச்சா தயிராயிடாதே?” என்றேன் நான்.

“அப்படி ஆயிட்டா உங்களுக்கு மோர் ஊத்துறேன், போங்கண்ணே.”

அதையே வாங்கிக்கொண்டு வந்தோம். மணியக்காரர் அவ்வளவு சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. பாய் சொல்லியனுப்பிய சோதனையை அவர் முன்னாலேயே செய்தோம். ஊசியை விளக்கில் பழுக்கக் காய்ச்சி, பிடியின் ஓரத்தில் வைத்தேன். மெல்லிய புகை வந்தது. குனிந்து மூக்கை நீட்டிய மணியக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாலேதான்! அடுப்புல பொங்கி வழிஞ்ச பாலு!” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கத்தியைச் சந்நிதிக்குக் கொண்டுபோய் வைத்து எடுத்து, குங்குமத்தோடு அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னார்: “பால்னா சும்மா இல்ல. பால் சொம்பை எப்படி வச்சுக்குவியோ அப்படி வச்சுக்க. திரிஞ்ச வாடை சாமிகிட்ட வரக்கூடாது, ஆமா.”

பால் சொம்பை நம் வீடுகளில் எப்படி வைத்துக்கொள்வோம் என்று சொல்ல வேண்டுமா? சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்போம். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அலசுவோம். வெயிலில் கவிழ்ப்போம். அவள் ஒன்றையும் விடவில்லை. விடியற்காலையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கும்போதே கத்திக்கும் தண்ணீர் கொதித்துவிடும். அப்புறம் நாள் முழுவதும் கத்தி ஈர வாழையிலையிலும் ஈரப் பூவிலும் கிடக்கும். கிள்ளான் ரயிலில் வருகிற பூக்கூடைகள் சொட்டச் சொட்டத்தானே வரும்.

முதலில் பளபளப்பு போயிற்று. தேன் நிறம் வெளிறிச் சாணித்தாள் மாதிரி ஆயிற்று. பிறகு பிடி கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது. அலகைத் திறக்க நகம் பெயர்ந்துவிடும் போலிருந்தது.

“அண்ணே, இது பால் குடிச்ச புள்ளையாட்டம்லா உப்புது!” என்று சிரித்தாள். நான் தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். ஈரம் காய்ந்தபோது பிடியை அலகோடு பிணைத்த ஆணியைச் சுற்றி மயிரிழைபோல ஒரு வெடிப்பு தெரிந்தது. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ரயில்வே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் தினமும் என்னிடம் வெற்றிலை போடுவார். அவரும் பாய் கடையில் அதே கத்தியைத்தான் வாங்கியிருந்தார். பென்சில் சீவ. அவருடையது வாங்கின அன்று இருந்த மாதிரியே மின்னிக்கொண்டிருந்தது. பாயிடம் போய்க் கேட்டேன்.

“அது சட்டைப் பையில காஞ்சு கெடக்குது. இது தண்ணியிலேயே குடித்தனம் பண்ணுது” என்றார். கொதிநீர், சாம்பல் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். “யா அல்லா! அதை யாரு செய்யச் சொன்னது? பாலுன்னு நான் வாயைத் தொறந்திருக்கவே கூடாது.” எலும்பில்லாத வேறு மடக்குக் கத்தி அடுத்த கப்பலில்தான் வரும் என்றார். பங்குனி உத்திரக் கொடியேற்றம் அதற்கு முன்பே வந்துவிடும்.

கொதிநீரை அன்றோடு நிறுத்தினாள். ஆனால் ஈரத்தை எப்படி நிறுத்துவது? பூ வியாபாரமே ஈரம்தானே.

கொடியேற்றத்தன்று காலையில் ஈயம் தோண்டி விட்ட குட்டைகளில் பூத்த தாமரை கூடை கூடையாக வந்து இறங்கியிருந்தது. தாமரைக் காம்பு நார் நாராக இழுக்கும். அழுத்தித்தான் வெட்ட வேண்டும். அவள் அழுத்தினாள். சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். பிடியின் ஒரு பக்கம் பெயர்ந்து என் பாக்குத் தட்டில் வந்து விழுந்தது. மிச்சமிருந்த பக்கத்தின் கூர் அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கையைச் சட்டென்று பூவுக்கு அப்பால் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் மண்ணில் விழட்டும், பூவில் விழக்கூடாது என்று.

அந்த நேரம் பார்த்து மணியக்காரர் வந்தார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் வெளுத்த துண்டு.

“கொடிமர மாலை எங்கம்மா? ஐயர் கேக்குறாரு” என்றவர் அவள் கையைப் பார்த்து நின்றுவிட்டார். “என்ன ஆச்சு?”

“காப்பாருக்கே ஆள் அனுப்பிடுங்கய்யா” என்றாள். “நீங்க சொன்னபடிதான் வச்சுக்கிட்டேன். பால் சொம்பு மாதிரி. சாம்பல் போட்டு, கொதி தண்ணி ஊத்தி… ஒரு நாள் தவறலை.”

“கொதி தண்ணியா?”

“பால்னா பின்ன எப்படிங்கய்யா கழுவுறது?”

பாய் சொன்னதை நான் சொன்னேன். அந்தப் பிடிக்குத் தண்ணீர்தான் எமன் என்றேன். என் தட்டில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ஊறின அப்பளம் மாதிரி மடங்கியது. அதைக் கீழே வைத்தார்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து நெடுக இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை அவளிடம் நீட்டி, “கையைக் கட்டிக்க” என்றார். மறுபாதியைக் கத்தியின் உடைந்த பிடிமேல் இறுக்கிச் சுற்றினார். கீழே விரித்த சாக்கு நனைந்து கிடந்தது, அவர் பார்க்கவில்லை. புது வேட்டியோடு அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நீ கட்டு, நான் நறுக்குறேன். காம்பு எவ்வளவு நீளம் விடணும்?”

அவள் விரலால் காட்டினாள். அவர் முதல் தாமரையை எடுத்து வெட்டி, அவள் மடியில் வைத்தார்.