பதினைந்தில் நின்ற கை

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையின் கிளினிக்கில் நான் பிசிஷியன் அசிஸ்டென்ட். "அப்படின்னா டாக்டரா, கம்பவுண்டரா?" என்று கேட்காத ஆளே எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் கிடையாது. இரண்டுக்கும் நடுவே என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போனது. டாக்டர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், வெயில் மயக்கம் எல்லாம் என் தலையில்தான்.

அது லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய வருஷம். வெள்ளிக்கிழமை லீவையெல்லாம் துபாய் ஹோட்டல்களில் நடக்கும் வகுப்புகளுக்குத் தாரைவார்த்து, ஃபைல் நிறைய சான்றிதழ் சேர்த்து வைத்திருந்தேன். பாக்கி ஒன்றே ஒன்று: நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அமுக்கி ஓட வைக்கும் தேர்வு. எட்டு வருஷமாகச் செய்கிற வேலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்ற திமிரோடு போனேன்.

அந்த வருஷம்தான் விதியை மாற்றியிருந்தார்கள். பதினைந்து முறை அமுக்கி இரண்டு முறை மூச்சு ஊதுவது போய், முப்பது முறை அமுக்கி இரண்டு முறை ஊத வேண்டும். பூ, இவ்வளவுதானே! எழுத்துத் தேர்வில் சரியாக டிக் அடித்தேன். செய்முறைத் தேர்வில் ரப்பர் பொம்மையின் முன்னால் மண்டியிட்டதும் கை பதினைந்தில் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் பதினைந்து. மூளைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

தேர்வு நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் ஃபெயில் என்று சொல்லிவிட்டு, வாசலில் தமிழில் பேசினார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கட கை பதினைஞ்சில நிக்குது. அடுத்த வெள்ளி வாங்கோ, திரும்பச் செய்வம்."

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் பெண் மேலே இல்லை, என் கை மேலே. அடுத்த வெள்ளியையும் கோட்டைவிட்டால் லைசென்ஸ் தேதி தாண்டிவிடும். லைசென்ஸ் போனால் வேலை போச்சு, வேலை போனால் விசா போச்சு. கலாஸ், எல்லாம் முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ரூமில் என்னோடு இருந்தவர்களில் ஒருவர் கீழக்கரைக்காரர், கேம்ப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். விஷயத்தைக் கேட்டதும் கடையிலிருந்து பாதி காலியான அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து நடு ரூமில் போட்டார்.

"ம், அமுக்கு டாக்டரே. இது எந்திரிச்சு சோறு கேட்டா மட்டும் நான் பொறுப்பில்ல."

நான் சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினேன். பதினைந்தில் கை தயங்கும்போதெல்லாம் காக்கா முதுகில் ஒரு தட்டு தட்டி, "பதினாறு!" என்று கத்துவார். இரண்டாம் நாள் ரூம் முழுக்கவே கத்தியது. மேல் கட்டிலில் படுத்திருந்த பாகிஸ்தானி டிரைவர் பாய், தலையைக்கூடத் தூக்காமல், "சோலா! ஜல்தி, ஜல்தி!" என்று அவர் பங்குக்கு உருதுவில் பதினாறு சொல்லி விரட்டினார். புதன்கிழமை சாயங்காலம் கை தானாகவே முப்பதுக்குப் போய் நின்றது. ரூமில் ஒரே கைதட்டல். அரிசியில் பாதி நொய்யாகிவிட்டது என்று காக்கா மட்டும் அலுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொம்மை முன்னால் மண்டியிட்டேன். எந்த மொழியில் வேண்டுமானாலும் எண்ணலாம் என்றார்கள். தமிழிலேயே எண்ணினேன். பதிமூணு, பதினாலு, பதினஞ்சு... "பதினாறு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்த பிலிப்பினோ நர்ஸ் துள்ளி எழுந்தார். அதன் பிறகு என் கையை யார் பிடிக்க முடியும்! ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்றும் முப்பது முப்பதாக முடித்தேன்.

"பாஸ்" என்றார் அந்தப் பெண். அந்த ரப்பர் பொம்மையைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி. அங்கேயே காக்காவுக்கு போன் போட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அவர் அறிவித்தது எனக்குக் கேட்டது.

அந்தப் பெண் என் தேர்ச்சி அட்டையை எழுதிக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? எதற்காக விதியை மாற்றினார்கள் என்று கேட்டேன்.

"பதினைஞ்சில நிப்பாட்டேக்க ரத்த ஓட்டம் விழுந்துபோகுது அண்ணை. கனநேரம் நிப்பாட்டாம அமுக்கினா, ஆள் தப்புற வாய்ப்புக் கூடுது."

"போன வருஷம் எங்க ஃபேக்டரில ஒருத்தர் விழுந்தாரு," என்றேன். "பதினஞ்சு பதினஞ்சாத்தான் அமுக்கினேன். ஆம்புலன்ஸ் வர வரைக்கும் விடல. அவரு எந்திரிக்கல. முப்பதா அமுக்கியிருந்தா...?"

அவர் பேனா நின்றது.

"அந்தப் பதினைஞ்சை நான் எத்தினை பேருக்குப் படிப்பிச்சிருப்பன் எண்டு நினைக்கிறியள் அண்ணை?"

அவர் கையெழுத்துப் போட்டு அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.