நான் நீக்கிய பதினேழாம் பந்தி

நான் எழுதிய அறிக்கையில் ஒரு பந்தியை நீக்கினேன். அதனால் மூன்று சாரதிகள் இறந்தார்கள்.

அவர்களில் ஒருவர் சிலாபத்துக்காரர். அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்து, என் முன்னால் கதிரையில் அமர்ந்து, "இது முன்னமே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றவையெல்லாம் விளக்கங்கள்... விளக்கம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி. இருபது வருடங்களுக்கு மேலாக அதுதான் என் தொழில். ஆகவே கவனமாக வாசியுங்கள். எங்காவது நான் என்னை நியாயப்படுத்துவதுபோலத் தோன்றினால், அந்த இடத்தில் என்னை நம்பாதீர்கள்!

கற்பிட்டியில் பிறந்தவள் நான். படிப்பு என்னைக் கொழும்புக்குக் கொண்டு போனது; அங்கிருந்து வெளிநாட்டுக்கு. சண்டை நடக்கும் நாடுகளுக்கு அமைதி காக்கும் படைகளை அனுப்புகின்ற ஒரு சர்வதேச அமைப்பின் தலைமையகத்தில் வேலை கிடைத்தது. ஒரு நாட்டில் படை என்ன பிழை விட்டது, எதைச் சரியாகச் செய்தது என்று விசாரித்து எழுத வேண்டும். எழுதியதை, அடுத்த நாட்டுக்குப் படை அனுப்பத் திட்டம் போடுகிறவர்களின் கையில் சேர்க்க வேண்டும். "கற்றுக்கொண்ட பாடங்கள்" என்பது அந்த அறிக்கைகளுக்குப் பெயர். ஒரே பிழைக்காக இரண்டாவது தடவையும் மனிதர் சாகக்கூடாது... அவ்வளவுதான் வேலை.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் மூத்த சகோதரரான நானா ஊராரிடம் பெருமையடிப்பார். "எங்கட தங்கச்சி சண்டைய நிப்பாட்டுற வேலை செய்றா" என்பார். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். மறுத்ததே இல்லை.

அந்த முதலாவது சம்பவம் ஆபிரிக்காவில் ஒரு நாட்டில் நடந்தது. நாட்டின் பெயர் வேண்டாம். எங்கள் படைத்தளத்துக்குக் குடிநீர் வெகு தூரத்துக் கிணறு ஒன்றிலிருந்து பவுசர்களில், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறிகளில், வந்தது. ஒரே பாதை. நடுவில் ஒரு வறண்ட ஆறு. அதில் இறங்கி ஏறும்போது பவுசர்கள் ஊர்ந்துதான் போக முடியும். அந்த இடத்தில் வைத்து ஒரு நாள் ஆயுதக் குழுவினர் சுட்டார்கள். இரண்டு படையினர் இறந்துபோனார்கள். என்ன பிழை என்று அறிந்து எழுத என்னை அனுப்பினார்கள்.

அங்கேதான் ஹாரூனைச் சந்தித்தேன். படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த உள்ளூர்க்காரர். நான் முஸ்லிம் என்று அறிந்ததும் ஸலாம் சொன்னார். அதன் பிறகு என்னைச் "சகோதரி" என்றே அழைத்தார்.

"உங்கள் பவுசர்கள் எந்நாளும் ஒரே நேரத்தில்தான் போகும், சகோதரி" என்றார். "எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. பவுசர் இரைச்சல் கேட்டுத்தான் என் மனைவி அடுப்பை மூட்டுவாள். என் மனைவிக்குத் தெரிந்த நேரம் சுட்டவர்களுக்குத் தெரியாதா?"

நேரத்தை மாற்றுங்கள், ஆற்றைக் கடக்குமுன் ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று அவர் தளபதிக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். பிரதிகளை எனக்குக் காட்டினார். பதில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

"இதை எழுதுவீர்களா?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ், எழுதுவேன்" என்றேன். இறைவனின் பெயரையும் இழுத்து வைத்தேன்!

எழுதினேன். உண்மையாகவே எழுதினேன். அதுதான் பதினேழாம் பந்தி. பாதை, நேரம், ஆறு, மூன்று கடிதங்கள், கடைசியில் என்ன செய்திருக்க வேண்டும் என்பது... எல்லாம் அதில் இருந்தன. நான் எழுதிய பந்திகளில் அதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

அறிக்கையின் வரைவு, படை அனுப்பும் நாடுகளின் பார்வைக்குப் போனது. அந்தத் தளபதியின் நாடு முகம் சுளித்தது. அதிகமாகப் படையினரை அனுப்புகின்ற நாடுகளில் அதுவும் ஒன்று. எங்கள் பணிப்பாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர்.

"இது பொய் என்று யாரும் சொல்லவில்லை" என்றார். "கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது. அவ்வளவுதான்."

நீக்கு என்று அவர் சொல்லவேயில்லை. அந்தக் கிழமை பிரிவுத் தலைவர் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்தது. அதையும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

அறைக்குத் திரும்பினேன். பந்தியை நீக்கினேன். அது இருந்த இடத்தில், "உள்ளூர் மக்களுடனான தகவல் பரிமாற்றத்தை மேலும் வலுப்படுத்துவது பயன் தரும்" என்று எழுதினேன். எவரையும் நோகச் செய்யாத வசனம். எவரையும் காப்பாற்றாத வசனம்! எழுதி முடித்துவிட்டுத் தேநீர் குடித்தேன்.

பதவி கிடைத்தது.

சில வருடங்கள் கழித்து வேறொரு நாட்டுக்குப் படை போகவிருந்தது. திட்டமிடல் பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி எனக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். "தளத்துக்கு ஒரே பாதையால்தான் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பவுசர்கள் பற்றி முந்திய அனுபவம் ஏதாவது உண்டா?"

எவ்வளவு சரியான கேள்வி! என் வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் இருந்தது. திரைக்கு முன்னால் வெகுநேரம் இருந்தேன். ஹாரூனின் கடிதங்களைப் பற்றிச் சொன்னால், அது ஏன் அறிக்கையில் இல்லை என்று அடுத்த மின்னஞ்சல் வரும். அதற்கு நான் என்ன சொல்வேன்?

"குறிப்பிடத்தக்க பாடம் எதுவும் பதிவில் இல்லை" என்று பதில் அனுப்பினேன்.

பார்த்தீர்களா... அது பொய்யுமல்ல! பதிவில் இல்லைதான். பதிவிலிருந்து அதை எடுத்தவளே நான்தானே!

அந்தத் தளத்தில் பவுசர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலம் உடைந்த ஒரு வளைவில் வைத்துத் தாக்கினார்கள். இறந்த மூன்று சாரதிகளின் பட்டியல் என் மேசைக்கு வந்தது; மூவரும் இலங்கையர். இரண்டாவது பெயர் அன்டன். பிறந்த இடம், சிலாபம்.

கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை தடவை சிலாபத்தைக் கடந்திருப்பேன்! உலக வரைபடத்தில் எங்கோ தொலைவில் கிடந்த என் பிழை, ஒரே எட்டில் என் பாதைக்கு வந்துவிட்டது.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கடினம். அந்தத் தாக்குதலைப் பற்றிய அறிக்கையையும் நான்தான் எழுதினேன். மறுத்திருக்கலாம். "இது நியாயமாக முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியாத நிகழ்வு" என்று அதில் ஒரு வசனம் வைத்தேன். குடும்பங்களுக்கு அனுப்பிய கடிதங்களில் அந்த வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். கடலும் காற்றும் போதும் என்று இருந்தேன். பருவ காலத்தில் சிலாபத்து மீனவக் குடும்பங்கள் கற்பிட்டிக் கரையில் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்குவது வழக்கம். அப்படி வந்த ஒருவரிடம் நானா வழக்கம்போல என் பெருமையை அளந்திருக்கிறார். அவர் அன்டனின் மாமனார்.

ஒரு காலையில் நானா வாசலில் நின்று கூப்பிட்டார். "தங்கச்சி, சிலாபத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு. மாப்புள வெளிநாட்டுப் படையில மவுத்தாயிட்டாராம். இங்கிலீஷ் கடிதம் ஒண்டைக் காட்டணுமாம்."

அவள் பெயர் ஸ்டெல்லா. முப்பத்தைந்து வயதிருக்கும். கைகளில் கருவாட்டு வாடை இருந்ததற்காக முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, பொலித்தீன் உறையில் சுற்றியிருந்த கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. என் வசனம் இரண்டாவது பந்தியில் இருந்தது.

"கோவில்ல ஃபாதர் சிங்களத்தில சொன்னார் மிஸ்" என்றாள். "எண்டாலும் நீங்க அங்கயே வேலை செஞ்சவங்க. சரியா என்ன எழுதியிருக்கு எண்டு உங்கட வாயால கேக்கணும்."

சொன்னேன். முன்கூட்டி அறிய முடியாதது என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் சாகிறதுக்கு முதல் நாள் போன்ல கோல் எடுத்தார் மிஸ். 'ஸ்டெல்லா, ஒரே ரோட்டால, ஒரே நேரத்துக்குப் போறம், எனக்கு மனசு சரியில்ல, நாளைக்குச் சுகமில்ல எண்டு சொல்லி நிக்கவா' எண்டு கேட்டார். நான்தான்... 'வேலைக்குப் போன இடத்தில அப்பிடிச் செய்யாதீங்க, மாதாவைக் கும்பிட்டுட்டுப் போங்க' எண்டு சொன்னன். நான்தான் மிஸ் போகச் சொன்னன்!"



"சொல்லுங்க மிஸ். இது முன்னமே யாருக்காவது தெரியுமா? பெரிய ஆக்களுக்கே தெரியாதெண்டா, எனக்கு எப்பிடித் தெரியும்? நான் சொன்னதில பிழையில்லதானே?"

"இல்லை ஸ்டெல்லா" என்றேன். "யாருக்கும் தெரியாது. உங்கட பிழை இல்ல."

அவள் அழுதாள். எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் துணிவில்லை!

அவளுடைய ஆறுதலுக்காகத்தானே பொய் சொன்னாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் சில நாட்கள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளுடைய பிழை இல்லை என்பதற்கு உண்மையே போதுமாயிருந்தது! "தெரிந்திருந்தது, தெரிந்தவள் நான், மறைத்தவள் நான்" என்று சொல்லியிருந்தால் அவளுடைய சுமை அந்த இடத்திலேயே இறங்கியிருக்கும். அன்டன் பயந்தது சரிதான் என்றாவது அவள் அறிந்திருப்பாள். நான் காப்பாற்றியது என்னைத்தான்.

வாடி பிரித்துப் போகுமுன் அவள் இன்னொரு முறை வந்தாள். ஒரு பை நிறையக் கீரிமீன் கருவாடு கொண்டு வந்தாள். அன்டனுடன் போய் உயிர் தப்பி வந்த றொஷான் என்ற சாரதி, மறுவிசாரணை கேட்டு மனு ஒன்று எழுதியிருக்கிறானாம். மூன்று குடும்பங்களும் கையெழுத்திட வேண்டுமாம்.

"நான் போடேல்ல மிஸ்" என்றாள். "மிஸ்ஸே சொன்னாங்க, யாருக்கும் தெரியாதெண்டு. பிறகு என்னத்துக்கு மற்றாக்களில பழி போடணும் எண்டு சொல்லிட்டன். மற்ற ரெண்டு குடும்பமும் அப்ப வேணாம் எண்டிட்டாங்க."

அப்போதாவது வாய் திறந்திருக்கக் கூடாதா? "நல்லது" என்றேன்...

ஒரு மாதத்துக்குப் பிறகு, அஸர் தொழுதுவிட்டு எழும்பிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஓர் ஆண் குரல். சிங்களம் கலந்த தமிழ்.

"மிஸ், நான் றொஷான். ஸ்டெல்லாக்கிட்ட நம்பர் எடுத்தது. கோவிக்க வேணாம். ஒண்டு மட்டும் கேக்கிறன்."

"கேளுங்க."

"நேரத்த மாத்துங்க எண்டு ஒப்பீசர்கிட்ட கேட்ட ஆள் நான் மிஸ். அவர் நல்ல மனுசன். மேல கேட்டுப் பாத்துட்டு வந்து, 'அப்பிடி ஒரு விசயம் எங்கட புத்தகத்தில இல்ல றொஷான்' எண்டு சொன்னார். அதுதான் கேக்கிறன்... எங்களுக்கு முதல் வேற நாட்டில இப்பிடி நடக்கவே இல்லையா? ஒருத்தரும் எழுதி வைக்கல்லையா?"

என் உதடு திறந்தது. ஹாரூன் என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சத்தியமாக வந்தது!

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன்.

"ஹரி மிஸ், சரி" என்றான். "அப்ப நான்தான் சும்மா பைத்தியம் மாதிரித் திரிஞ்சிருக்கிறன்." தொடர்பைத் துண்டித்தான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஸ்டெல்லா வீட்டில் தமிழ் பேசுகிறவள். பள்ளியில் படித்தது சிங்களம். தமிழ் எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது. றொஷானுக்கும் தெரியாது. இதை நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணமா? ஓம்... காரணம்தான்.

றொஷானின் எண் என் தொலைபேசியில் இருக்கிறது. ஒரு நிமிடம் போதும். இவ்வளவும் எழுதிவிட்டாள், இனி அழைத்துவிடுவாள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்த நினைப்பில்தான் நானும் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்து நான்கு நாட்களாகின்றன. இன்னும் அழைக்கவில்லை.