மூன்று வாரக் கறி உருண்டை

பர்காஸ் துறைமுகத்தில் ஸ்லாவ்கா ஓட்டிய கிரேன் அவளைவிட வயதில் மூத்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், குளிர்காலத்தில் கதவு சாத்தாது. இருந்தாலும் அவள் கைக்கு மட்டும் அது சொன்னபடி கேட்டது. கப்பலின் வயிற்றிலிருந்து இரும்புச் சுருளைத் தூக்கி ரயில் பெட்டியில் இறக்கும்போது, மேலே இருப்பது யார் என்று கீழே நிற்பவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சத்தமே வராவிட்டால் அது ஸ்லாவ்கா.

கார்னோபாத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பள்ளி முடித்த கையோடு கிரேன் பயிற்சிக்கு வந்தவள். கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்த ரங்கெலைக் கட்டிக்கொண்டாள். மூத்தது நெவேனா, இளையது திஹோ. ஏழாவது மாடியில் வீடு. வேலை பகலில் ஒரு நாள் வரும், இரவில் ஒரு நாள் வரும். அவள் களைத்து வீடு திரும்பும்போது, புருஷனும் பிள்ளைகளும் ரொட்டியில் குடைமிளகாய்த் தொக்கைத் தடவித் தின்றுகொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு பால்கனியில் பெட்டி மாதிரி ஒரு பெரிய ஃப்ரீசர் வந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து ஓய்வு நாளில் அவள் வீட்டில் கறி உருண்டை உற்பத்திதான். பன்றியும் மாடும் கலந்த கறியைக் கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்கி வருவாள். பழைய ரொட்டியை ஊறவைத்துப் பிழிவாள். வெங்காயத்தைத் துருவுவாள். முட்டை, உப்பு, மிளகு, சீரகம், சுப்ரித்ஸா என்னும் காய்ந்த வாசனை இலைத் தூள் எல்லாம் சேர்ந்து பெரிய எனாமல் தொட்டிக்குள் போகும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பிசைந்த கறியை இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியிலேயே ஓங்கி அடிக்க வேண்டும். திரும்பவும் அள்ளி, திரும்பவும் அடிக்க வேண்டும். அப்படி அடித்தால்தான் உள்ளிருக்கும் காற்று போய்க் கறி பசைபோல ஒட்டிக்கொள்ளும்; எண்ணெயில் விழுந்தாலும் உடையாது. அந்தச் சத்தம் மேல்வீடு கீழ்வீடு எல்லாவற்றுக்கும் கேட்கும். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எல்லார் வீட்டிலும் அந்தச் சத்தம் உண்டு.

மறுநாள் ஈரக்கையால் உருட்டுவாள். வறுப்பதற்குப் பெரியதாக உருட்டி லேசாக அமுக்கியது ஒரு வகை. தக்காளிக் குழம்புக்கு நடுத்தரம். சூப்புக்குக் கோலிக்குண்டு அளவு. அதில் மட்டும் கழுவிய பச்சரிசி கலந்திருக்கும், சூப்பிலேயே வேகும் என்பதால். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பைகளில் கொட்டி, பையின் மேல் பெயர் எழுதிவிடுவாள். பிறகு இரண்டு வாரத்துக்கு அடுப்படியில் யார் நின்றாலும் சோறு உண்டு.

"அங்க கப்பல்ல ஏத்துறா, இங்க ஃப்ரீசர்ல ஏத்துறா" என்று ரங்கெல் பட்டறையில் சொல்லிச் சிரிப்பான். அதில் பெருமையும் உண்டு.

துறைமுகத்துக்குப் புதிய கிரேன் வரப்போகிறது, பழையதை உடைத்து விற்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. புதியதை ஓட்ட மூன்று பேருக்கு வார்னாவில் மூன்று வாரப் பயிற்சி, கடைசியில் தேர்வு. தேறாதவர்கள் இனி தரையில் நின்று கொக்கி மாட்ட வேண்டியதுதான். பயிற்சியில் ஒரு நாள் தவறினாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று பெயரில் ஸ்லாவ்காவின் பெயரும் இருந்தது.

"மூணு வாரமா?" என்றான் ரங்கெல். "நாங்க என்னத்தச் சாப்பிடுறது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன சாப்பிட்ட?"

"அப்ப எங்கம்மா இருந்தாங்க."

"இப்ப ஃப்ரீசர் இருக்கு. உங்கம்மா மாதிரி திட்டக்கூடத் திட்டாது."

அக்டோபரில் என்று சொல்லியிருந்த பயிற்சி நவம்பருக்குத் தள்ளிப்போனது. அதுவும் நல்லதுக்கே என்று இரண்டு ஓய்வு நாளைச் சேர்த்து வேலை செய்தாள் ஸ்லாவ்கா. ஃப்ரீசர் மூடி அமுக்கினால்தான் மூடும் என்ற அளவுக்குப் பைகள் நிறைந்தன. எந்தக் கிழமை எந்தப் பை என்று நெவேனாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பைகளைச் சரியாகக் கணக்கிட்டவள் காலண்டரைப் பார்க்கவில்லை.

வார்னாவுக்குப் போன முதல் வாரத்திலேயே ஒரு நாள் காலை, துறைமுகத்துக் கேன்டீனில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ரங்கெல் கூப்பிட்டான். குரல் கரகரத்தது.

"ஸ்லாவே, நேத்து என்ன நாளுன்னு தெரியுமா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று எட்டாம் தேதி, அதிதூதர் திருநாள். அதிதூதரைக் குறிக்கும் ரங்கெல் என்ற பெயர் வைத்தவர்களுக்கெல்லாம் பெயர்நாள். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால்தான் ஆள் வரும். பெயர்நாளுக்குக் கூப்பிடவே வேண்டாம், தாமாகவே வந்து கதவைத் தட்டுவார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்பிய வீடு அந்த ஊரில் கிடையாது.

"ஐயோ, நான் வாழ்த்துகூடச் சொல்லலையே! எத்தனை பேர் வந்தாங்க?"

"எங்க எண்ண? நாற்காலி பத்தாம எதிர்வீட்ல வாங்கிட்டு வந்தோம்."

"என்ன குடுத்த?"

அவன் இருமினான்.

"ரங்கெல், என்ன குடுத்த?"

"சாலட் போட்டேன். குடிக்க ரக்கியா இருந்துச்சு. ரக்கியாவுக்கு வெறும் சாலட்டையா வைக்கிறது? பட்டறையே வந்து உக்காந்திருக்கு."

"வறுக்குற பையை மட்டும்தானே எடுத்த?"

"மொதல்ல அதைத்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் குழம்புப் பை. அதுவும் உருண்டைதானே?"

"சூப்புப் பையாவது இருக்கா?"

"அதையும் வறுத்தாச்சு. உள்ள அரிசி கடக்கு முடக்குன்னுச்சு. நம்ம பட்டறை மித்கோ, 'இது உன் பொண்டாட்டி ஊர்ப் பக்குவமா, பல்லுக்கு நல்ல வேலை'ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தட்டு தின்னான்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஸ்தாமென், பர்காஸிலிருந்து அவளோடு வந்த இளைஞன், என்ன என்று கண்ணால் கேட்டான்.

ரங்கெல் குரலைத் தாழ்த்தினான். "இந்தா பாரு, சனிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடிச்சா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். ஒரு தொட்டி போட்டு வச்சிட்டு ஞாயித்துக்கிழமை போயிடேன். ஒரே ஒரு நாள்தானே. புள்ளைங்க நேத்து ராத்திரியே ரொட்டியும் தொக்கும்தான்."

அவள் சிரிப்பு நின்றது. சனிக்கிழமைதான் முதல்முறையாக அந்த உயரமான கிரேனில் தனியாக ஏறும் நாள். அன்றைக்கு ஏறாதவருக்குத் தேர்வு கிடையாது. அதை ரங்கெலுக்கும் சொல்லியிருந்தாள், அவன் மறந்திருந்தான். திஹோ ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. ஒரு பையன் நாலைந்து நாள் ரொட்டி தின்றால் இளைத்துவிடுவானா? இளைக்கமாட்டான். கொக்கி மாட்டப் போனால் அவள் இளைத்துவிடுவாள்.

"சனிக்கிழமை நான் கிரேன்ல ஏறணும். வரமாட்டேன். நீயே செய்."

"நானா? நான் கரி போட்டுச் சுடுறவன்டி. இதெல்லாம்..."

"நெருப்பு மூட்டுறது நீ, கறி தயார் பண்றது நான். பாதி வேலை செஞ்சிட்டு முழுப் பேரும் இவ்வளவு நாளா உனக்குத்தான். சனிக்கிழமை கறி வாங்கு. போன்ல நான் இருக்கேன்."

அவள் போனை வைத்ததும் ஸ்தாமென் சொன்னான்: "போயிட்டுதான் வாயேன் அக்கா. உன் முறைக்கும் சேர்த்து நான் ரெண்டு தரம் ஏறுறேன்."

"உனக்கு ஒரு தரமே ஜாஸ்தி. காபியைக் குடி."

சனிக்கிழமை காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. முறை வரும் வரை கேன்டீனில் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். பர்காஸ் வீட்டில் நெவேனா போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். இங்கே ஸ்லாவ்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். படம் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். பார்த்தால் ஏச வேண்டியிருக்கும், கேட்டால் போதும்.

கறி தொட்டியில் விழும் சத்தம் சளக் என்று ஈரமாக வந்தது.

"ரொட்டியைப் பிழிஞ்சீங்களா?"

"பிழிஞ்சோம்" என்றான் ரங்கெல்.

"யார் பிழிஞ்சது?"

"திஹோதாம்மா" என்று நெவேனாவின் குரல்.

"நல்லாத்தான் பிழிஞ்சேன்!" என்று பின்னாலிருந்து திஹோ.

"அவன் பிடியில எலுமிச்சம்பழமே பிழியாது. காஞ்ச ரொட்டித் தூள் ரெண்டு கை போட்டுப் பிசை. அப்புறம் அடி."

மறுபடி அடி விழுந்தது. இந்த முறை சத்தம் பரவாயில்லை, ஆனால் அடிக்கும் அடிக்கும் இடைவெளி தாறுமாறாக இருந்தது. "மூச்சு வாங்குதா? வெல்டிங் புடிக்கிறப்ப எப்படி நிதானமா இருப்ப, அப்படி அடி." அவன் நிதானமாக்கினான். அப்போது அங்கே மாடிக்கு மாடி போகும் வெப்பக் குழாயில் டண் டண் என்று யாரோ கீழிருந்து இரும்பால் தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டுக் கேரா. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள்.

"ஏன்டா ரங்கெல், வீட்டுக்குள்ள கப்பலா கட்டுற? உன் பொண்டாட்டி நான் வேலைக்குக் கிளம்புற நேரம் பாத்து அடிப்பா. அதுவும் ஒரே சீரா இருக்கும். நீ என்னமோ கதவை உடைக்கிற மாதிரி..." குரல் நெருங்கி வந்தது. தொட்டியைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. "ஐயையோ, இது என்ன வெங்காயம், விரல் மொத்தத்துக்கு! தள்ளு, தள்ளு, நான் பாத்துக்கிறேன்."

"கேரா அக்கா!" ஸ்லாவ்கா கேன்டீன் அதிரக் கத்தினாள். "தொட்டியில கை வைக்காதீங்க!"

"யாரு, ஸ்லாவ்காவா? எங்கடி இருக்க?"

"ஃப்ரிட்ஜ் மேல. அவனே செய்யட்டும் அக்கா. தூக்கத்தைக் கெடுத்ததுக்கு வந்து காலைப் புடிக்கிறேன். நீங்க செஞ்சு குடுத்தீங்கன்னா அடுத்த வாரமும் உங்க கதவைத்தான் தட்டுவான்."

கேரா நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "அதுவும் சரிதான். நான் உக்காந்து பாக்குறேன். அடிடா."

ரங்கெல் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடிக்கத் தொடங்கினான். சளக் போய் மெல்ல மெல்லத் தப் என்று ஆனது. தப் இறுகிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்தான். அப்போது கேன்டீன் வாசலில் பயிற்சியாளர் தலையை நீட்டி, "ஸ்லாவ்கா, உன் முறை. காத்து அடங்கியிருக்கு, வா" என்றார்.

"நான் ஏறப் போறேன்" என்றாள் போனில். "ஒண்ணை வறுத்து உப்புப் பாருங்க."

"ஏய் இரு, இன்னும் எத்தனை அடி..."

போனை அணைத்துப் பெட்டியில் பூட்டினாள். மேலே போன் எடுத்துப் போகக்கூடாது.

அந்தக் கிரேனின் அறைக்குத் தரையும் கண்ணாடி. காலுக்குக் கீழே கப்பல் தெரிந்தது, அதன் மேல் தீப்பெட்டிகளாகக் கொள்கலன்கள், அவற்றுக்கிடையே எறும்புகளாக ஆட்கள். கைப்பிடிகள் பழையதைவிட மென்மை, தொட்டாலே நகர்ந்தன. முதல் கொள்கலன் தூக்கியதும் காற்றில் லேசாக ஆடியது. அவள் அவசரப்படவில்லை. ஆட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிறகு நிறுத்தினாள். லாரி மேல் இறக்கினாள். வாக்கி-டாக்கியில் பயிற்சியாளர், "இறங்கிடுச்சா?" என்று கேட்டார். இறங்கி முடிந்திருந்தது. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததையும். அங்கே இருந்த நேரம் முழுக்க வீட்டு ஞாபகம் வரவே இல்லை. வராததைத் தரைக்கு வந்த பிறகுதான் கவனித்தாள்.

போனைத் திறந்தபோது நெவேனா ஒரு படம் அனுப்பியிருந்தாள். தட்டு நிறைய உருண்டைகள். ஒன்று ப்ளம் பழம் அளவு, ஒன்று முஷ்டி அளவு, ஒன்றுக்கு மூக்குகூட இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: "ஒண்ணும் உடையலம்மா. உப்பு மட்டும் கம்மி. கேரா அத்தை அஞ்சு சாப்பிட்டுட்டுத் தூங்கப் போயிட்டாங்க."

தேர்வில் ஸ்லாவ்கா தேறினாள். ஸ்தாமெனும் தேறினான், இரண்டாவது முயற்சியில். அவள் பர்காஸ் வந்து சேர்ந்த சாயங்காலம் வீட்டுக்குள் எண்ணெய் வாசம் அடித்தது. ரங்கெல் அதற்குள் இரண்டாவது தொட்டியும் போட்டிருந்தான். மேலங்கியைக் கழற்றக்கூட விடாமல் அவளை உட்காரவைத்துத் தட்டை நீட்டினான். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மென்றாள். நன்றாக இருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவளுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

"மிளகு தூக்கல். சீரகம் பத்தல." இன்னொன்றை எடுத்தாள். "ஆனா நல்லா அடிச்சிருக்க."

ரங்கெல் பிள்ளைகளைப் பார்த்தான், கேட்டீர்களா என்பதுபோல.

"புதன்கிழமையிலிருந்து நான் புதுக் கிரேன்ல" என்றாள். "வாரத்துல பாதி ராத்திரி அங்கதான். ஒரு வாரம் தொட்டி உனக்கு, ஒரு வாரம் எனக்கு."

"சரி. தொட்டியைக் கழுவுறது யாரு?"

"அடிச்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு, ஸ்லாவ்கா மூன்றாவதை எடுத்தாள்.