அபிநயா போட்ட விண்ணப்பம்

நான் பொய் சொன்னேன். நியாயம் கேட்டு வந்த ஒரு தாயிடம், கணினித் திரையில் கண்ணை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்!

இரண்டு ஆண்டுகளாக மூடி வைத்திருந்ததை இன்று உங்களிடமும் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் எழுந்துவிட மாட்டேன்.

லாஸ்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை எனக்கு. ஓர் அறக்கட்டளையின் இலவச நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கும் இணையதளத்தை நான்தான் எழுதினேன். பைப்லைன் முறையில் எழுதினேன். விண்ணப்பம் படிப்படியாகக் கடந்து போகும். ஒரு படி வயதைப் பார்க்கும், இன்னொன்று மதிப்பெண்ணைப் பார்க்கும், கடைசிப் படி பதிவு செய்யும். அழகான முறை! அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

முதல் படியில் நான் வைத்த விதி இது: ஒருமுறை வந்த செல்போன் எண்ணிலிருந்து மறுபடி விண்ணப்பம் வந்தால் தள்ளிவிடு. தள்ளியதற்குச் சுவடே இருக்காது. ஆனால் அனுப்பியவருக்கு மட்டும் ‘கிடைத்தது’ என்று காட்டும்...

உடன் வேலை செய்யும் கவிதா அன்றே கேட்டாள். “பதிவ மொதல்ல வச்சிடலாமே? எது போச்சின்னாவது தெரியும்ல?”

“ஒருத்தரே பத்து வாட்டி போடுவாங்க. குப்பைய எதுக்குச் சேத்து வைக்கணும்?” என்றேன்.

குப்பை! நான் பிள்ளைச்சாவடி மீனவர் தெருவில் பிறந்தவன். மெசேஜ் பார்த்துச் சொல்லக்கூடிய ஒருவருடைய எண்ணைத்தான் எங்கள் தெருவே கொடுக்கும். என் கல்லூரி விண்ணப்பத்தில் இருந்ததும் பக்கத்து வீட்டு அக்காவின் எண்தான். இதை நானே மறந்தேன் என்றால் என்ன சொல்வது?

தேர்வானவர்களின் பட்டியல் வந்த மறுநாள், கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா மகள் அபிநயாவுடன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“எங்க தெருவுல அஞ்சு பேரும் சுமதி அக்கா நம்பரத்தான் சார் குடுத்தோம். ஒருத்திய மட்டும் கூப்டாங்க,” என்றாள் அபிநயா.

மற்ற நால்வரையும் என் விதி தள்ளிவிட்டது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் சொன்னேன்: “உங்க பொண்ணு விண்ணப்பமே போடலம்மா.”

“போட்டேன் சார்! கெடச்சிதுன்னு வந்துதே!”

அந்த அம்மா அங்கேயே மகளை அறைந்தார். “சார் பாத்துதானடி சொல்றாரு!”

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர்கள் போனதும் பதிவு செய்யும் படியை முன்னால் கொண்டுவந்தேன். ‘சிறு திருத்தம்’ என்று குறிப்பு எழுதினேன். எவ்வளவு கேவலம்!

போன வாரம் முதலாளிக்கும் அறக்கட்டளைக்கும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். பயிற்சி அந்த ஓர் ஆண்டோடு நின்றுபோனதாக அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது.

நேற்றுக் காலை கனகசெட்டிக்குளம் போனேன். அபிநயா இப்போது இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறாள். இருவரையும் வைத்துக்கொண்டே உண்மையைச் சொன்னேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மகள் பக்கம் திரும்பி, “அப்ப நீ நெசமாவே போட்டியாடி?” என்றார்.

அபிநயா அழவில்லை. “நான் சொன்னப்ப நம்பல. இவரு சொன்னா மட்டும் ரெண்டு வாட்டியும் நம்புறியேம்மா,” என்றாள்.

அதே தெருவில் இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன. நாளை போகிறேன்.