முட்டையின் ஓரத்துச் சிவப்பு

திரையில் எலியின் கருமுட்டை ஒன்று. அதன் ஓரத்தில் மங்கலாய் ஒரு சிவப்பு. துடைப்பம் மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சக் குமிழை மெல்லத் திருகுகிறார். சிவப்பு போய்விட்டது. "சாயக் கசிவு. இப்ப பாருங்க, பளிச்சுனு இருக்கா?"

துடைப்பம் என்பது அவருக்கு ஆய்வுக்கூடத்தார் வைத்த பெயர். எலியின் சூலகத்தை வெங்காயச் சருகைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிப் படமெடுப்பவர். அவர் மேசையில் பேனாக்கள்கூட ஒரே திசையில்தான் படுத்திருக்கும். சீவும்போது யாராவது தும்மினால் அன்று முழுக்க அவரோடு பேச்சில்லை.

கிருமி நுழைந்தால் உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். சேதியைச் சுமப்பவை சில புரதங்கள்; அவற்றில் ஒன்று இருக்குமிடத்தைத்தான் அந்தச் சாயம் சிவப்பாகக் காட்டும். வளரும் முட்டைக்குள் அவை இருக்க நியாயமில்லை என்பது துடைப்பத்தின் கட்சி. "போலீஸ் வயர்லெஸ்ஸுக்குப் பிரசவ வார்டுல என்னங்க வேலை?"

பக்கத்து மேசை சுண்டுவுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுண்டுவின் மேசை சந்தைக்கடை; படங்களும் அதே லட்சணம், எதையும் துடைப்பதில்லை. அந்த அழுக்கில்தான் ஒன்றைக் கவனித்தார்: முட்டை வளர வளரச் சிவப்பும் கூடுகிறது. கசிவு அப்படிக் கணக்காகக் கூடுமா? அந்தப் புரதம் முட்டைக்குள்ளேயே இருக்கிறது என்றார் சுண்டு. துடைப்பம் வருடக்கணக்கில் திருகி அழித்தது அதையேதான்.

"அவளுக்கு எங்கயோ மச்சம். நான் கூட்டித் தள்ளினதை எடுத்து நகையா மாட்டிக்கிட்டா." சுண்டுவின் புதுச் செருப்பு துடைப்பத்தின் கண்ணை உறுத்துகிறது. ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியை சுண்டுவின் தோளைத் தட்டியது அதைவிட. வீட்டிலும் விடுதலையில்லை.

"அடுப்பு அணைஞ்சிருக்கு, எங்கயோ கருகுதே?" என்று மோப்பம் பிடிக்கிறார் கணவர்.

"என் வயிறுதான். போய் வேலையப் பாருங்க."

வெளியிடுமுன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். பேராசிரியை அதைத் துடைப்பத்திடமே கொடுத்தார். "நம்பாதவ நீதான். நீயே பாரு." கொடுத்த ஸ்லைடுகளில் சில, அந்தப் புரதத்தையே உண்டாக்க முடியாத எலிகளுடையவை. எவை என்று பேராசிரியைக்கு மட்டுமே தெரியும். திருக முடியாதபடி குமிழின்மேல் டேப் ஒட்டியாயிற்று. எல்லாவற்றிலும் சிவப்பிருந்தால் அது கசிவு, சுண்டு கதை முடிந்தது. "எல்லாத்துலயும் இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் உக்காந்தேன். பொய் சொல்வானேன்?"

இருட்டறையில் சிவப்புள்ளவை இடது தட்டுக்குப் போயின, இல்லாதவை வலது தட்டுக்கு. ஒன்று மட்டும் கையிலேயே நின்றது. ரொம்பச் சின்ன முட்டை. சிவப்பு இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வலது தட்டின்மேல் கை போனது. திரும்பி வந்தது. மறுபடி பார்த்தார். "சனியன்," என்று முனகியபடி இடது தட்டில் வைத்தார்.

பேராசிரியை வந்து தட்டுகளை ஒப்பிட்டார். ஒன்றுகூடத் தப்பில்லை, வலது தட்டில் இருந்தவை மட்டுமே புரதமில்லாத எலிகளுடையவை.

சுண்டு கதவருகில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "என்னடி ஆச்சு? சொல்லித் தொலையேன்."

"உன் அழுக்கு நிஜம்டி. போதுமா?"

சுண்டு போட்ட சத்தத்தில் மொத்தக் கூடமும் இருட்டறைக்குள் முண்டியது. கதவு 'ஆ'வெனத் திறந்து கிடந்தது. வெளி நடையின் விளக்கு வெளிச்சம் நேராக மைக்ரோஸ்கோப்பின்மேல் விழுந்தது. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும் என்பது அந்தக் கும்பலில் யாருக்கும் நினைவில்லை.

"ஏய், இங்க வாடி, நீயும் பாரு!" என்றார் சுண்டு உள்ளிருந்து.

"நான்தான் பார்த்தேனே. சீக்கிரம் பாத்துட்டு வெளிய வாங்க எல்லாரும்."

துடைப்பம் வாசலில் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, தன் வெள்ளைக் கோட்டின் இரண்டு முனைகளையும் பிடித்து, கதவின் அகலத்துக்கு விரித்துக்கொண்டார்.